மண்டையிடியில் இன்னொரு கை

இசையைப் பற்றி எழுதச் சொல்லி அமுதவல்லிக்கு வந்த முதல் வேலை அது. 'நம்ம வட்டாரம்' என்ற அந்தச் செய்தித் தளத்தில் அவள் அதுவரை எழுதியதெல்லாம் குழாய் உடைப்பு, கும்பாபிஷேகம், காணாமல் போன நாய், இவ்வளவுதான். அன்று காலை ஆசிரியர் சிவானந்தம் தன் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அமுதா, கணபதி ஏரியாவுல மண்டையிடின்னு ஒரு பையன் இருக்கானாம். போய் ஒரு செய்தி எடுத்துட்டு வா" என்றபோது, ஏதோ ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்றுதான் நினைத்தாள்.

"மண்டையிடிக்கு என்ன சார் செய்தி?"

"அவன் பேரே அதாம்மா. பாட்டுக்காரன். இண்டஸ்ட்ரியல் மெட்டலாம். பட்டறைச் சத்தத்தை வெச்சுக்கிட்டு, கூட கிட்டாரு வாசிச்சு, தொண்டை கிழியக் கத்துறது. எல்லாத்தையும் ஒத்தை ஆளாப் பண்றான். கொங்கு இசை மேடையில தனியாள் பிரிவுக்கு நம்ம ஊர்லருந்து தேர்வானது அவன் ஒருத்தன்தான். சின்னதா எழுதினாப் போதும்."

சின்னதாக எழுதினால் போதும் என்று ஆசிரியர் சொன்ன எந்தச் செய்தியும் சின்னதாக முடிந்ததில்லை. அதை அவள் அப்போதே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கணினியைத் திறக்க வழக்கம்போல் ஒரு வரி தட்டினாள். 'வணக்கம், அமுதவல்லி' என்றது திரை. கைத்தடம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இயந்திரங்களே பாட்டுப் போட்டு, இயந்திரங்களே செய்தி எழுதி, எது யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாமல் ஊரே குழம்பிக் கிடந்த காலத்தில் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டாம். எங்கே வேகமாகத் தட்டும், எங்கே கொஞ்சம் தயங்கும், எந்த விரல் முந்தும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறாம். சாகும்வரை மாறவும் மாறாதாம். பாட்டோ செய்தியோ, அதைச் செய்த கை யாருடையது என்று கைத்தடம் பார்த்துச் சொல்லிவிடும். செய்தியின் அடியில் யார் தட்டினாரோ அவர் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மிஷின் அடிக்கிற தாளத்தை வைத்தே ஓட்டுகிற ஆளைச் சொல்லிவிடும் என்பதால், அப்புறம் பட்டறைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வருகைப் பதிவுக்கும் ஆச்சு, எவன் கை ஓய்ந்துபோகிறது என்று பார்க்கவும் ஆச்சு.

அவள் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மண்டையிடியின் பாட்டைப் போட்டாள். பட்டறைத் தெருவில் பிறந்து, அந்தச் சத்தத்திலிருந்து தப்பிப்பதற்காகவே விழுந்து விழுந்து படித்தவள் அவள். அந்தத் தெரு மொத்தமும் திரும்பி வந்து காதுக்குள் குடியேறியது. நடுவில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினார்கள். இதை விரும்பிக் கேட்கிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினாள்.

மண்டையிடியின் நிஜப் பெயர் கிருபாகரன். கிரைண்டர் பொருத்துகிற கொட்டகை ஒன்றின் மாடியில் ஓர் அறை. கறுப்புப் பனியனில் மண்டையோடு பல்லைக் காட்டியது. அதைப் போட்டிருந்தவனோ, அவள் உட்கார நாற்காலியைத் துண்டால் துடைத்துவிட்டுத் தரையில் உட்காருகிற ஆள். பகலில் ஒரு பம்பு கம்பெனியில் படம் வரைகிற வேலை என்றான்.

"பால் இல்லீங்க்கா, கட்டன் டீதான். பரவால்லீங்களா?"

"பரவால்ல தம்பி. அதென்ன இந்தப் பேரு?"

"முதப் பாட்டு போட்டப்ப வீட்டு ஓனரு மேல வந்து, 'இது பாட்டா, மண்டையிடியாடா'ன்னு சத்தம் போட்டாருங்க. வேற பேரு எதுக்குத் தேடிட்டுன்னு வெச்சுக்கிட்டேன்."

"நீ கத்துறது என்னன்னே எனக்குப் புரியல. கோவிச்சுக்காத."

"'சாப்பாட்டு மணி அடிச்சாச்சு'ன்னுதானுங்க்கா."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆத்திரம்?"

"மணி அடிச்சும் மிஷினை நிறுத்த விடலீங்கறதுக்கு."

அமுதவல்லிக்கு முதல் தடவையாக அந்தப் பாட்டு கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. குறிப்பெடுக்கத் தொடங்கினாள். அப்போதுதான் அவன் போனில் மணி அடித்தது. இசை மேடைக்காரர்கள் கேட்டிருந்த கைத்தடச் சான்று. சிரித்துக்கொண்டே திறந்தவன், சிரிப்பு அப்படியே நிற்க, போனை அவளிடம் நீட்டினான்.

'இசைத்தவர்கள்: கிருபாகரன், நஞ்சப்பன்.'

"யாரு தம்பி நஞ்சப்பன்?"

"தெரீலீங்க்கா."

"தெரியாதுன்னா எப்படி? உன் பாட்டுக்குள்ள இருக்காரே."

"சத்தியமாத் தெரீலீங்க்கா. கிட்டாரு நானு. டிரம்ஸ் நானு. கத்துனதும் நானு. மிச்சம் அந்த பிரஸ் சத்தம் மட்டும்தான்."

அந்த பிரஸ் சத்தம் பிடித்த கதையைச் சொன்னான். காலால் மிதியை அழுத்தினால் தகட்டை வெட்டி மோட்டாருக்கு வில்லை எடுக்கிற பெரிய பிரஸ். ரங்கராஜ் என்பவரின் பட்டறையில் இருக்கிறது. மற்ற நாளில் கேட்டால் உள்ளே விடமாட்டார்கள். ஆயுத பூஜையன்று மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுத்துவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து ஒவ்வொரு மிஷினையும் சும்மா ஓடவிட்டு நிறுத்துவது அங்கே வழக்கம். வேலையாட்கள் யாரும் இருக்கமாட்டார்கள். ரங்கராஜ் சூடம் காட்டி சுவிட்சைப் போட்டுவிட்டு, "ஓடட்டும் தம்பி, நான் டிபன் சாப்பிட்டு வந்தர்றேன்" என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

"அப்ப மிதியை மிதிச்சது யாரு?"

"யாருமில்லீங்க்கா. மிதி மேல ஒரு செங்கல்லைத் தூக்கி வெச்சுட்டு, நான் மைக்கைப் பிடிச்சுட்டு நின்னேன். அது பாட்டுக்கு அடிச்சுட்டு இருந்துச்சு."

"நஞ்சப்பன்?"

"செங்கல்லுதானுங்க்கா நஞ்சப்பனா இருக்கணும்."

சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. தனியாள் என்று சொல்லிக்கொண்டு பின்னால் இன்னொருவரை ஒளித்து வைப்பதைப் போலக் கேவலம் இசைக்காரர்களிடையே வேறில்லை. மேடை போவது மட்டுமில்லாமல், பித்தலாட்டக்காரன் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். "இதைச் செய்தியாப் போட்டுருவீங்களாக்கா?" என்று கேட்டான். அவள் குறிப்பேட்டை மூடினாள். நல்ல செய்தி கையில் விழுந்திருக்கிறது என்று ஒரு மனசு துள்ளியது. தரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து இன்னொரு மனசு அதை அடக்கியது.

நஞ்சப்பனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ரங்கராஜுக்குப் போன் போட்டதும், "நஞ்சப்பனா? அந்த பிரஸ்ஸுல ரொம்ப வருசமா இருந்தவருங்க. கை நடுக்கம்னு கைத்தடம் காட்டிருச்சு. வைகாசியிலயே நிறுத்திட்டமுங்க" என்றார். வைகாசியில் போனவர் அதற்கப்புறம் வந்த விஜயதசமியில் எப்படி வாசித்தார் என்று அமுதவல்லிக்கு விளங்கவில்லை.

சின்னவேடம்பட்டியில் நஞ்சப்பனின் வீட்டு வாசலில் அவள் போய் நின்றபோது ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தது அவர் மனைவி ருக்குமணி. பின்னால் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நஞ்சப்பன் உட்கார்ந்திருந்தார். நல்ல கட்டுமஸ்தான ஆள். உள்ளே போனதும் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டார். காப்பித் தம்ளரை இடது கையால் வாங்கினார்.

"கை நடுங்குதுங்களா அண்ணா?"

"எனக்குத் தெரீலீங் அம்மிணி. மிஷின் சொல்லுது. குறி போட்டுட்டாங்க. இந்த ஊர்ல எந்தப் பட்டறைக்குப் போனாலும் வாசல்லயே காட்டிக் குடுத்துருது."

"எங்க, காட்டுங்க பாக்கலாம்."

துண்டை விலக்கிக் கையை நீட்டினார். அவள் கண்ணுக்கு அது ஆடவே இல்லை. ஆனால் அவரோ தானே அதை நம்பாதவர்போல உடனே மூடிவிட்டார்.

"இப்படித்தாங் கண்ணு பண்றாரு" என்றாள் ருக்குமணி. "சவரத்துக்குக் கூட சலூனுக்குப் போறாரு. வண்டியையும் தொடமாட்டீங்கறாரு. நான் இந்த வயசுல வண்டி ஓட்டப் பழகுனதுதான் மிச்சம்."

"நடுங்கற கைய வெச்சுட்டு உன்னையப் பின்னால உக்கார வெக்கச் சொல்றியா?" என்றார் நஞ்சப்பன். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் அமுதவல்லிக்கு என்னவோ போல இருந்தது.

அவள் விஷயத்தைச் சொல்லிப் பாட்டை அவர் காதில் மாட்டினாள். முதலில் முகம் சுளித்தது. அப்புறம் கண் விரிந்தது. கால் தரையை மெல்ல மிதிக்க ஆரம்பித்தது. துண்டுக்கு அடியில் விரல்கள் தட்டின: தட், தட், கொஞ்சம் இடறல், அப்புறம் அவசரமாக ஒரு தட். பாட்டிலும் அதே இடறல் இருந்ததை அமுதவல்லி அப்போதுதான் கவனித்தாள்.

"இது என்ற பிரஸ்ஸுங்."

"ஆமாங்க. ஆனா வாசிச்சது நீங்கன்னு வருது."

அவர் முகம் வெளுத்துப் போய்விட்டது. "நாந்தான் அங்க இல்லீங்களே. நான் இல்லாத எடத்துல நான் எப்படிங் இருப்பேன்?" என்றவர், மனைவி பக்கம் திரும்பி, "ஏம் புள்ள, விசயதசமியன்னிக்கு நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டார்.

"மருதமலையிலிங்க. படியேற முடியாம பாதியில உக்காந்துட்டீங்களே."

"நெசமாலுமா?"

"நெசமாலுந்தான். ஏனுங்க இப்படிக் கேக்கறீங்க?"

"இல்ல, எனக்கே தெரியாம எந்திரிச்சுப் போயி மிஷின்ல நின்னுட்டு வந்துட்டனோன்னுதான்."

அந்த வீட்டை விட்டு வெளியே வந்தபோது அமுதவல்லிக்குத் தலை சுற்றியது. இடறல் மிஷினுடையதா, நஞ்சப்பனுடையதா? மிஷினுடையது என்றால், மிஷின் பக்கத்திலேயே இல்லாத நஞ்சப்பனின் விரல் ஏன் இடறுகிறது? நஞ்சப்பனுடையது என்றால், செங்கல் ஏன் இடறியது?

பஸ்ஸில் பாட்டை மறுபடி போட்டாள். வீட்டிலும் போட்டாள். எழுத உட்கார்ந்தபோதும் காதில் அதுதான் ஓடியது. பிடிக்காமல் கேட்க ஆரம்பித்தவள், எங்கே இடறுகிறது என்று தேடித் தேடிக் கேட்கிறவளாகிவிட்டாள்.

கிருபாகரன் சும்மா இருக்கவில்லை. பிரஸ் சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, தன் கிட்டாரை மட்டும் தனியாகச் சோதனைக்கு அனுப்பினான். அமுதவல்லியை அவசரமாக வரச்சொன்னான். அவள் மாடியேறிப் போனபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தம்பி, நஞ்சப்பன் போயிட்டாரா?"

"நான் போயிட்டேனுங்க்கா."

போனில் ஒரே ஒரு பெயர் இருந்தது: நஞ்சப்பன்.

கைத்தட உதவி மையத்துக்குப் போன் போட்டு, அவளும் கேட்கும்படி சத்தமாக வைத்தான். இனிமையான ஒரு பெண் குரல் வந்தது.

"உங்க பேரு சார்?"

"கிருபாகரன்."

"நீங்க அனுப்பின கிட்டாரை வாசிச்சது நஞ்சப்பன்னு வருது சார்."

"வாசிச்சது நானுங்க."

"அப்ப நீங்க நஞ்சப்பனா சார்?"

"இல்லீங்க, நான் கிருபாகரன். போன வருசம் வரைக்கும் கிருபாகரன்னுதான் வந்துட்டு இருந்துச்சு. அந்த பிரஸ் சத்தத்தைச் சுத்திச் சுத்தி ஓடவிட்டு, அதுகூடவே தினமும் வாசிச்சுப் பழகுனேனுங்க. அதனால என் கை மாறியிருக்குமோ என்னமோ."

"கை நடை மாறாது சார்."

"மாறிட்டா?"

"மாறாது சார்."

"சரிங்க, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். மாறிட்டா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "மாறினா அது வேற ஆளு சார்."

கிருபாகரன் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தப் பெண் உண்மையிலேயே உதவ நினைத்தவள்தான். ஒரு வழி சொன்னாள். நஞ்சப்பனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, அவர் வந்து 'இது என் கைதான்' என்று ஒப்புதல் கொடுத்துவிட்டால் போதும். இருவர் பிரிவில் மேடை கிடைக்கும். பித்தலாட்டம் என்ற பேச்சே எழாது.

அவன் முகத்தில் ஆசை தெரிந்தது. அவனைக் குறை சொல்லவும் முடியாது. இருவருமாகச் சின்னவேடம்பட்டிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்கள். நஞ்சப்பன் கையின் மேல் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

"போஸ்டர்ல பேரு வருமுங்களா தம்பி?"

"வருமுங்க. என் பேருக்குப் பக்கத்துலயே."

"அப்பப் போட்டுக்குங்க. கைதான் போயிருச்சு, பேராவது வரட்டும். திங்கக்கெழமை வந்து ஒப்புதல் குடுத்தர்றேன்."

ருக்குமணிகூடச் சிரித்தாள். அமுதவல்லியால் சிரிக்க முடியவில்லை. "அண்ணா, ஒண்ணு யோசிச்சுக்குங்க" என்றாள். "இது என் கைதான்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா, அந்த இடறலும் உங்களுதுன்னு ஆயிரும். அதை வெச்சுத்தான் நடுக்கம்னு குறி போட்டிருக்காங்க. அப்புறம் அந்தக் குறியை எந்தக் காலத்துலயும் எடுக்க முடியாது. எந்த மிஷின்லயும் உங்களை நிக்க விடமாட்டாங்க."

"அது என்ற கையா இல்லியான்னு எனக்கே தெரீலீங்களே அம்மிணி" என்றார் நஞ்சப்பன். "தெரிஞ்சா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கறேன்?"

திரும்பி வரும்போது கிருபாகரன் பஸ் நிறுத்தத்தில், "நான் மேடை ஏறலீன்னாலும் பரவால்லீங்க்கா" என்றான். சொல்லிவிட்டு, "பரவால்லன்னுதான் நினைக்கறேன்" என்று சேர்த்துக்கொண்டான்.

அமுதவல்லி ரங்கராஜின் பட்டறைக்குப் போனாள். அந்த பிரஸ் ஒரு மூலையில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் செங்கல் கிடந்தது. விஜயதசமியில் வைத்த சந்தனப் பொட்டு மிஷினின் நெற்றியில் காய்ந்து போயிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் தகட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நஞ்சப்பனுக்கு அப்புறம் இவருதானுங்களா?"

"எங்கீங்க! நடுவுல ஆள் மாத்தி மாத்தி ஓஞ்சு போயிட்டேன்" என்று ரங்கராஜ் அலுத்துக்கொண்டார். "யாரைப் போட்டாலும் கொஞ்ச நாள்ல கை நடுக்கம்னு காட்டிருது. இவருக்கும் நேத்துலருந்து மஞ்சக் குறி, மொத எச்சரிக்கையிங்க. இந்தக் காலத்து ஆளுக யாருக்கும் கைல தெம்பு இல்லீங்க."

"மிஷினைப் பாத்தீங்களா?"

"மிஷினுக்கு என்னங்க? அது ஓடுதே!"

அவளுக்கு அங்கேயே கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கென்றே ஒரு இசை ஏன் இருக்கிறது என்றும் அப்போது விளங்கியது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து எழுதினாள். காதில் பாட்டு, கையில் தட்டச்சு. அழிப்பதும் எழுதுவதுமாக விரல் நோகும்வரை தட்டினாள். ஞாயிறு மாலை சிவானந்தத்துக்குப் படித்துக் காட்டினாள்.

"பாட்டுக்காரனைப் பத்தி எழுதச் சொன்னா, பட்டறைக்காரரைப் பத்தி எழுதியிருக்க" என்றார் அவர்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"சரிம்மா, ஆதாரம்? கைத்தடம் தப்புப் பண்ணாதுன்னு கவர்மெண்டே நம்புது. கோர்ட்டுல எடுத்துக்கறாங்க. நீ உன் காதுல கேட்டதை வெச்சுத் தப்புங்கற. நாளைக்கு அவங்க நோட்டீஸ் விட்டா நான் என்ன சொல்றது, செங்கல்லைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெக்கறதா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. உண்மையில் அவளுக்கே முழு நிச்சயம் இல்லை. நஞ்சப்பனின் விரல்கள் துண்டுக்கு அடியில் இடறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாளே.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து கணினி முன் உட்கார்ந்தாள். மனசு எங்கேயோ இருக்க, வழக்கமான வரியைத் தட்டினாள்.

'வணக்கம், நஞ்சப்பன். நீங்கள் இந்த அலுவலகத்தின் பணியாளர் அல்லர். உங்கள் பெயரில் கைநடுக்கக் குறி உள்ளது. இயந்திரத்தை விட்டு விலகி நிற்கவும்.'

அமுதவல்லி நிஜமாகவே எழுந்து விலகி நின்றாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் நஞ்சப்பன். மெதுவாகத் தட்டினாள். நஞ்சப்பன். வேகமாகத் தட்டினாள். நஞ்சப்பன். பழைய மாதிரி தட்டலாம் என்று விரலைத் தூக்கினாள். பழைய மாதிரி என்பது எப்படி இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடம் தட்டியிருக்கிறாள், ஒருநாளும் தன் கையை அவள் கேட்டதில்லை. யாராவது வந்து உன் கை இதுதான் என்று சொல்லிவிட்டால் தேவலை போலிருந்தது. அந்த எண்ணம் வந்ததுமே, துண்டுக்கு அடியில் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் நினைவுக்கு வந்தார். பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என்னாச்சு அமுதா?" என்று வந்த சிவானந்தம் திரையைப் பார்த்தார். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. "நீயா தட்டின?"

"நான்தான் சார். நீங்களே பாருங்க." அவர் எதிரிலேயே தட்டினாள்.

"ஒரு வாரம் அந்தப் பாட்டைக் கேட்டதுக்கா இப்படி?"

"ஒரு வாரம் பாட்டாக் கேட்டதுக்கே நான் நஞ்சப்பன் ஆயிட்டேன் சார். அவரு அத்தனை வருசமா அந்த மிஷின் முன்னாடியே நின்னிருக்காரு. மிஷின் தேய்ஞ்சு இடற ஆரம்பிச்சதும் அவரு கையும் அதோட சேந்து இடறியிருக்கு. முதல்ல பதிவானது அவரு பேரு. அதனால இப்ப அந்த மிஷினு கிட்டப் போற யாரா இருந்தாலும் முதல்ல நடுக்கம், கை முழுசா மாறினதும் நஞ்சப்பன்தான்."

"அப்ப அவரு கையில நடுக்கமே இல்லீங்கற?"

"எனக்கு இருக்கா சார்?" என்று கையை நீட்டினாள்.

சிவானந்தம் அவள் கையைப் பார்த்தார். தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். தன் இருக்கைக்குக் கூட்டிப் போய், தன் பெயரில் கணினியைத் திறந்துவிட்டு அவளை உட்கார வைத்தார். அமுதவல்லி செய்தியை முதலிலிருந்து தட்டினாள். கணபதியைச் சேர்ந்த மண்டையிடி என்கிற கிருபாகரன் யாருடைய துணையும் இல்லாமல் செய்த பாட்டு, அதில் மிதி மேல் இருந்த செங்கல், தேய்ந்துபோன ஒரு பிரஸ், அதனால் வேலை இழந்த மனிதர்கள். முடித்ததும் அடியில் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது.

'செய்தி: நஞ்சப்பன்.'

"இதை எப்படி எடுக்கறது?" என்று சிவானந்தம் பதறினார்.

"எடுக்காதீங்க சார். நேத்து ஆதாரம் கேட்டீங்கல்ல? அதுதான்."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு அப்படியே வெளியிட்டார்.

மதியச் சாப்பாட்டைப் பிரித்து வைத்தபோது போன் வந்தது.

"அம்மிணி, நான் நஞ்சப்பனுங்." அவசரமாகப் பேசினார். "ஒப்புதல் குடுக்கக் கெளம்பிட்டு இருந்தமுங். பக்கத்து ஊட்டுக்காரரு போனைக் கொண்டாந்து காட்டறாரு. நான் செய்தி எழுதுனதாப் போட்டிருக்குதுங். நான் எப்பங் எழுதுனேன்? மறுக்காவும் எனக்குத் தெரியாம எங்கியாச்சும் போயிட்டு வந்துட்டனுங்களா?"

"நீங்க எங்கயும் போகலீங்க அண்ணா. செய்தியை நீங்க எழுதல. அந்தப் பாட்டையும் நீங்க வாசிக்கல. அதைத்தான் எழுதியிருக்குது. முழுசாப் படிச்சுப் பாருங்க."

மறுமுனையில் படிக்கும் முணுமுணுப்பு கேட்டது. ஒரு இடத்தில் நின்றது. மறுபடி அதே வரியிலிருந்து தொடங்கியது.

"அப்ப என்ற கை?"

"உங்க கை உங்ககிட்டத்தாங்க அண்ணா இருக்குது."

போனைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது, துண்டிக்க மறந்துவிட்டார். வீட்டுச் சத்தங்கள் அவளுக்குக் கேட்டன.

"ருக்கு, அந்த வண்டிச் சாவி எங்க?"

"எதுக்குங்க? நான்தான் ஓட்டறேன்ல?"

"அந்தத் தம்பிகிட்ட ஒப்புதல் குடுக்க முடியாதுன்னு நேர்ல சொல்லிப்போட்டு வரோணும். நீ பின்னால உக்காரு."

மொபெட்டை உதைக்கும் சத்தம் வந்தது. கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். இடறிக்கொண்டு நின்றது. அப்புறம் ஒரே சீராக ஓடி, தெருவில் தூரமாகப் போய் மறைந்தது.

அமுதவல்லி போனை வைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஏதோ சத்தம் கேட்டது. தட், தட், கொஞ்சம் இடறல், அவசரமாக ஒரு தட். குனிந்து பார்த்தாள். அவள் வலது கை. இடது கையால் அதைப் பிடித்து, ஆறிப்போன சோற்றின் பக்கத்தில் மெல்ல வைத்தாள்.